தொட்ட குதிரை



போன ஆகஸ்ட் மாதம் நடந்த குறுவட்ட சதுரங்கப் போட்டியில், 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் நான் முதலிடம் வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் என்னை மேடைக்கு அழைத்தார். எல்லோரும் கை தட்டினீர்கள். ஆறாம் வகுப்புத் தம்பிகள் விசில்கூட அடித்தார்கள். அதற்கு இத்தனை நாளாக நான் யாருக்கும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கணக்கு சாரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் நம் பள்ளி சதுரங்க மன்றத்தில் சேர்ந்தது 2022இல். அந்த வருடம் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. எங்கே பார்த்தாலும் 'தம்பி' படம். வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கும்பிடும் குதிரை. அந்தக் குதிரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்த்தான் பெயர் கொடுத்தேன். கடைசியில் ஒரு குதிரையால்தான் மாட்டிக்கொள்வேன் என்று அப்போது தெரியாது.

கணக்கு சார் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது டி4. அதாவது ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. எல்லாப் பசங்களும் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளி இ4 தான் ஆடுவார்கள். எனக்கும் அதுதான் ஆசை. வேகமாக அடிக்கலாம், நாலு மூவில் செக்மேட் வைக்கலாம் என்று. சார் விடவில்லை.

"டேய், உனக்கு அவசரம் ஜாஸ்தி. அவசரக்காரனுக்கு டி4 தான் மருந்து. அந்தச் சிப்பாய்க்குப் பின்னால ராணி காவல் நிக்குது பாரு. இ4ல வச்சா அப்படிக் காவல் கிடையாது. டி4 போடு, அப்புறம் சி4 போடு, பொறுமையா உட்காரு" என்றார்.

டி4, டி5, சி4. இதற்கு 'ராணிப் பலி' என்று பெயர். சி4 சிப்பாயைப் பலி கொடுப்பது போலத் தெரியும். எதிராளி அடித்தால் பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடலாம். ஆனந்த் சார் பற்றியும் கணக்கு சார் சொல்வார். ஆனந்த் பல வருடம் இ4 ஆட்டத்துக்குப் பேர் போனவர். 2008இல் ஜெர்மனியில் பான் நகரில் கிராம்னிக்கோடு உலக சாம்பியன் போட்டி ஆடியபோது, யாரும் எதிர்பார்க்காமல் வெள்ளைக் காயில் டி4 ஆடினார், பட்டத்தையும் தக்க வைத்தார். 2010இல் சோபியாவில் டோபலோவ் கடைசி ஆட்டத்தில் டி4 ஆடியபோது, கறுப்புக் காயில் ஜெயித்து மறுபடியும் பட்டத்தைக் காப்பாற்றினார். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு டி4 என் சொந்த ஆட்டம் மாதிரி ஆகிவிட்டது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் அண்ணா 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு மன்றத்தில் உட்கார இடமே இல்லை. புதிதாக வந்த தம்பிகளுக்கு டி4 சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை சார் என்னிடம்தான் கொடுத்தார்.

சரி, போட்டிக்கு வருகிறேன்.

மொத்தம் 5 சுற்று. நாலு சுற்று முடிந்தபோது நாலுக்கு நாலு புள்ளி எடுத்திருந்தது இரண்டே பேர். நானும், இன்னொரு பள்ளியிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பையனும். முதல் இரண்டு இடம் வருகிறவர்கள்தான் மாவட்டப் போட்டிக்குப் போக முடியும். எங்களுக்கு அடுத்து மூன்றரைப் புள்ளியில் ஒருவர் இருந்தார். அவர் கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டால், எங்கள் இருவரில் தோற்பவர் மூன்றாம் இடத்துக்குப் போய்விடுவார்.

எனக்கு வெள்ளைக் காய். கை குலுக்கினோம். அவன் ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு இருந்தான். ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் அழகாக எழுதினான். நான் டி4 ஆடினேன். அவன் டி5. நான் சி4, அவன் இ6. நான் குதிரையை சி3இல் வைத்தேன். அவன் குதிரையை எஃப்6இல் வைத்தான். நான் மந்திரியை ஜி5க்குக் கொண்டுவந்து அந்தக் குதிரையைக் குறி வைத்தேன். குதிரைக்குப் பின்னால் அவன் ராணி. குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும். அவன் இன்னொரு குதிரையை டி7இல் வைத்தான். ஐந்தாவது நகர்த்தலில் நான் டி5 சிப்பாயை அடித்தேன். அவன் இ6 சிப்பாயால் திரும்ப அடித்தான். அடித்துவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு வரேண்ணா" என்று எழுந்து போனான்.

எங்கள் போட்டியில் எல்லா மேசைக்கும் கடிகாரம் கிடையாது. ஆட்டம் நீண்டால்தான் கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் என் கண்ணில் டி5 சிப்பாய் பட்டது. என் சி3 குதிரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டிய எஃப்6 குதிரையை என் மந்திரி பிடித்து வைத்திருக்கிறது. ஓசிச் சிப்பாய்! கை தானாகப் போய்விட்டது. குதிரையின் தலையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

தூக்கிய அந்த நொடியில்தான் கணக்கு சார் கோடை விடுமுறையில் கரும்பலகையில் போட்டுக் காட்டிய படம் ஞாபகம் வந்தது. அதற்குப் பெயர் யானைப் பொறி. பொறியில் யானையே இல்லை, ஏன் சார் இந்தப் பேரு என்று நாங்கள் சிரித்தோம். 1848இலேயே பெர்லினில் மயெட் என்பவர் ஹார்விட்ஸ் என்பவரிடம் இதில் மாட்டியிருக்கிறார். நான் டி5ஐ அடித்தால், அவன் எஃப்6 குதிரையால் என் குதிரையை அடிப்பான். அவன் ராணியை நான் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் மந்திரி பி4க்கு வந்து செக் வைக்கும். அந்த செக்கை மறைக்க என் ராணியைக் குறுக்கே வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அதை அடித்துவிடுவான். பிறகு டி8இல் நிற்கும் என் மந்திரியும் போகும். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால், ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைக் கொடுத்திருப்பேன்.

குதிரை என் கையில் ஒரு அங்குல உயரத்தில் இருந்தது.

சதுரங்கத்தில் ஒரு விதி உண்டு. உன் முறை வரும்போது உன் காயை நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டால், அதைத்தான் நகர்த்த வேண்டும். கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரி செய்ய வேண்டுமானால், தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. இது ஆறாம் வகுப்புத் தம்பிக்கும் தெரியும். நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றான். நடுவர் இரண்டு மேசை தள்ளி யாருடைய முடிவையோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் அவரவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் பள்ளியிலிருந்து கூட வந்த பி.டி. சார் வெளியே வேப்ப மரத்தடியில் இருந்தார்.

குதிரையை மெதுவாக சி3இலேயே வைத்தேன். இ3 சிப்பாயைத் தள்ளினேன். தாளில் '6. இ3' என்று எழுதினேன்.

அவன் வந்து உட்கார்ந்தான். பலகையைப் பார்த்தான். முகம் லேசாக வாடியது. அவ்வளவுதான். சி6 ஆடினான். அவன் காயைத் தொட்டவுடன், விதிப்படி இனி அவன் புகார் சொல்லவும் முடியாது. பார்த்திருந்தால்தானே சொல்வான்.

அதற்குப் பிறகு நான் நன்றாகத்தான் ஆடினேன். இந்த ஆட்டத்தில் வெள்ளைக்கு ராணிப் பக்கம் இரண்டு சிப்பாய் இருக்கும், கறுப்புக்கு மூன்று இருக்கும். இரண்டு பேர் போய் மூன்று பேரை முட்ட வேண்டும். முட்டினால் கறுப்புச் சிப்பாய் ஒன்று துணையில்லாமல் தனியாக நிற்கும். சார் சொன்னபடியே பி4, பி5 என்று தள்ளினேன். சி6 சிப்பாய் தனியாக மாட்டியது. அதை எடுத்தேன். யானைகள் மட்டும் மிச்சம் இருந்த கடைசிக் கட்டத்தில் என் சிப்பாய் ஓடியது. 41ஆவது நகர்த்தலில் அவன் கை நீட்டினான். "நல்லா ஆடினீங்கண்ணா" என்றான். மூன்றரைப் புள்ளிக்காரரும் ஜெயித்துவிட்டார். அவன் மூன்றாம் இடம்.

பேருந்தில் வரும்போது பி.டி. சார் எல்லோருக்கும் பன் பட்டர் ஜாம் வாங்கிக்கொடுத்தார். எனக்கு இரண்டு. வீட்டில் அப்பா சான்றிதழை எடுத்துப்போய் லேமினேஷன் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். "எம்புள்ள ராணிச் சிப்பாய்லதான் ஆரம்பிப்பான்" என்று சொல்வார். அப்பாவுக்கு ராணி எது, மந்திரி எது என்றே தெரியாது.

மாவட்டப் போட்டியில் 5 சுற்றில் ஒன்றரைப் புள்ளிதான் எடுத்தேன். என்னடா ஆச்சு என்று கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் எல்லாம் இல்லை. ஒவ்வொரு முறை குதிரையைத் தொடும்போதும் யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை மன்றத்தில் ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் யானையைத் தொட்டுவிட்டு, "இல்லண்ணா இல்லண்ணா" என்று மந்திரியை எடுத்தான். நான் சத்தம் போட்டேன். "தொட்டா நகர்த்தணும், எத்தனை தடவ சொல்றது?" என்றேன். அவன் பயந்து யானையையே நகர்த்தினான். அந்த யானையும் போனது, ஆட்டமும் போனது. போகும்போது சாதாரணமாகக் கேட்டான்: "நீங்க மேட்ச்ல ஒரு தடவகூட இந்த மாதிரி பண்ணதில்லையாண்ணா?"

நான் பதில் சொல்லவில்லை. பலகையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு காய்களை அடுக்கினேன். ஐந்து நகர்த்தல் வரை வைத்தேன். குதிரையைத் தொட்டேன். இப்போது யாரும் இல்லை, நேர்மையாக நகர்த்திப் பார்ப்போம் என்று நினைத்தேன். நான் தொட்டது என் குதிரையை மட்டும்தான், அவன் சிப்பாயை இல்லை. அப்படியென்றால் அந்தச் சிப்பாயை அடித்தே தீர வேண்டும் என்பதில்லை. குதிரை எங்கே போனாலும் சரி. பி5இல் வைத்தேன். அவன் சி6 தள்ளி விரட்டுவான். மறுபடி சி3க்கே வந்துவிடலாம். அவ்வளவுதான்! போன இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று. எனக்கு இரண்டு நகர்த்தல் வீண். அவன் காய்கள் கொஞ்சம் முன்னால் வெளியே வரும். ஆனால் ஒரு சிப்பாய்கூடப் போகவில்லை. ஆட்டம் அப்படியே இருக்கிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. விதிப்படி நகர்த்தினால் தோற்றுவிடுவேன் என்று நினைத்துத்தான் குதிரையைத் திரும்ப வைத்தேன். ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் பி5 தெரிந்திருக்கும். பலகையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் நடுவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது பொறியில் இல்லை.

திங்கட்கிழமை கணக்கு சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு கதை சொன்னார். 1994இல் ஸ்பெயினில் லினாரெஸ் போட்டியில் காஸ்பரோவும் ஜூடித் போல்காரும் ஆடினார்கள். ஜூடித்துக்கு அப்போது 17 வயது. காஸ்பரோவ் குதிரையை சி5இல் வைத்துக் கையை எடுத்தார். தப்பு என்று தெரிந்ததும் அதே குதிரையைத் தூக்கி எஃப்8இல் வைத்தார். கை விலகியிருந்தது ஒரு நொடிகூட இல்லை. ஆனால் கேமராவில் பதிந்துவிட்டது. ஜூடித் அந்த இடத்தில் புகார் சொல்லவில்லை. ஆட்டத்தில் காஸ்பரோவ்தான் ஜெயித்தார்.

"அவர் எத்தனை பெரிய ஆட்டமெல்லாம் ஆடியிருக்கார். ஆனாலும் 30 வருஷம் தாண்டியும் அந்தக் குதிரையைப் பத்திப் பேசறாங்க. உன்னோடதுக்கு கேமரா இல்ல. அதனால நீதான் பேசணும்" என்றார்.

"சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துடட்டுமா சார்?"

"போட்டி முடிஞ்சு போச்சு, முடிவை இனி யாரும் மாத்தப் போறதில்ல. சான்றிதழ் உன்னோடதுதான். அந்த ஆட்டம்தான் உன்னோடது இல்ல. யாருகிட்ட சொல்லணுமோ அவன்கிட்ட சொல்லு."

பி.டி. சார் அந்தப் பள்ளி பி.டி. சாரிடம் பேசி, மறுநாள் மதிய இடைவேளையில் அந்தப் பையனைப் போனில் வரவழைத்தார். என் கை வியர்த்துவிட்டது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எந்தக் குதிரைண்ணா?"

"சி3 குதிரை."

"அடிக்கப் போனீங்களா?"

"ஆமா."

"அடிப்பீங்கன்னு நினைச்சுதாண்ணா எழுந்து போனேன். பக்கத்துல இருந்தா என் மூஞ்சியிலயே தெரிஞ்சிரும். எனக்குத் தாகமெல்லாம் எடுக்கல." அவன் லேசாகச் சிரித்தான். பிறகு குரல் மாறியது. "அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் எங்க தப்புப் பண்ணேன்னு தேடினேண்ணா. இவருக்கு எல்லாம் முன்னாடியே தெரியுது, நமக்கு இது ஒத்துவராதுன்னு நினைச்சேன். ரெண்டு வாரம் போர்டையே தொடல."

இதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் எடுத்துக்கொண்டது முதலிடத்தை மட்டும் என்று நினைத்திருந்தேன். அவன் நன்றாக ஆடியிருக்கிறான். சரியான இடத்தில் பொறி வைத்திருக்கிறான். நானும் அதில் கை வைத்திருக்கிறேன். அந்தச் சந்தோஷம் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, செய்யாத தப்பை ராத்திரி முழுக்கத் தேட விட்டுவிட்டேன்.

"மன்னிச்சிருப்பா" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவன் பதில் சொல்லாமல், "சரி, குதிரைய நகர்த்தியிருந்தா எங்க வச்சிருப்பீங்க?" என்று கேட்டான்.

"பி5."

"நான் சி6 தள்ளுவேன்."

"திரும்ப சி3."

"அப்ப நான் மந்திரிய இ7ல வைக்கிறேண்ணா. இப்ப உங்க மூவ்."

மணி அடித்துவிட்டது. அன்று சாயங்காலம் அப்பாவின் போனிலிருந்து அவன் அப்பா போனுக்கு என் நகர்த்தலை அனுப்பினேன்: இ3. அதே இ3, ஆனால் இந்த முறை எட்டாவதாக. அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல் என்று ஆடுகிறோம். அப்பா ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றி பீரோவில் வைத்தார். ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அன்று கேட்டாயே, அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான். பண்ணியிருக்கிறேன். இனி உன்னைத் திட்ட மாட்டேன். தொட்டுவிட்டால் பதறாதே. கையை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தக் காய் போகக்கூடிய எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை பார். நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரும்பாலும் இருக்காது. அப்படியே தோற்றாலும் அது உன் ஆட்டமாக இருக்கும்.

நேற்றோடு எங்கள் ஆட்டத்தில் 14 நகர்த்தல் முடிந்திருக்கிறது. எனக்கு இரண்டு நகர்த்தல் வீணாகிவிட்டதால் அவன் கை கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கிறது. அவன் யானை ஏற்கெனவே இ8க்கு வந்துவிட்டது. நான் தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது. முடிவு எதுவானாலும் இதே சுவரில் எழுதுகிறேன்.

அன்று நீங்கள் தட்டிய கைத்தட்டலுக்கு இன்றைக்குத்தான் நன்றி சொல்ல முடிகிறது.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்,
சதுரங்க மன்றம்.